நெளியாத முதுகு

குதிரைகளுக்கும் நாய்களுக்கும் கையால் நீவிச் சிகிச்சை செய்யும் ஓராண்டுப் பயிற்சியில் நான் சேர்ந்தபோது, போடியில் என் வீட்டார் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கும் ஒரு படிப்பா?" என்பதுதான். சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் ஏற்கெனவே இருந்தது. சுமக்கிற மனிதனுக்காகப் பேசச் சிலராவது இருக்கிறார்கள், அவனோடு மலையேறும் விலங்குக்கு ஒருவரும் இல்லை என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கை தவறென்று இன்றும் நினைக்கவில்லை. தவறு வேறோர் இடத்தில் நடந்தது.

பாடங்கள் இணையவழி வந்தன. இடையிடையே ஒரு வாரம் கோயம்புத்தூர் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் செய்முறை. அங்கிருந்த குதிரைகள் குளித்துத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே நின்றன. சான்றிதழுக்கு ஒரு நாய், ஒரு குதிரை என இரண்டு சிகிச்சைப் பதிவுகள் தர வேண்டும். நாய் எளிதாக முடிந்தது. எங்கள் தெருவில் இடுப்பு பிடித்துக் கிடந்த ஒரு கிழட்டு நாய், மூன்று வாரத்தில் மாடிப்படி ஏறியது. குதிரைக்குத்தான் குரங்கணிக்குப் போனேன். ஜீப்பு ரோடு அங்கே முடிந்துவிடும். அதற்கு மேலே உள்ள தோட்டங்களுக்கு அரிசியும் உரமும் ஏறுவதும், ஏலக்காயும் காப்பியும் இறங்குவதும் பொதிக்குதிரைகளின் முதுகில்.

இரண்டு குதிரைகள் வைத்திருந்த ஒருவர் என் வேண்டுகோளைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

"தங்கச்சி, எனக்கே இடுப்பு விட்டுப்போச்சு. என்னைய விட்டுட்டுக் குதிரைக்கா நீவப் போற?"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "உங்களுக்கு நீவி என்னத்துக்கு? நீங்க என்ன மூட்டையா தூக்கப் போறீங்க?"

வெள்ளைக் குதிரை திடமாக இருந்தது. செம்மண் நிறப் பெண்குதிரைக்குத்தான் முதுகில் வலி. பயிற்சி விதிப்படி முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். எலும்பில் குறை இல்லை, தசைதான் இறுகியிருக்கிறது, இரண்டு வாரம் சுமை ஏற்றாமல் நிறுத்துங்கள், நீவினால் நல்லது என்றார். உரிமையாளர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

மொத்தம் ஆறு அமர்வுகள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு விரல்களால் அழுத்தி, விலங்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று எழுத வேண்டும். முதல் நாள், பிடரி மயிர் முடியும் மேட்டுக்குப் பின்னால் விரல் பட்டதும், அவள் காதைப் பின்னுக்கு மடித்து, முதுகைத் தாழ்த்தி நெளிந்தாள். கடிக்கவும் வந்தாள். நான்காம் அமர்வில் தலையைத் தொங்கவிட்டு, கீழுதடு தளர, அரைக்கண் மூடி நின்றாள். அழுத்தினேன், நெளியவில்லை. என் கைகளைப் பார்த்து நானே பெருமைப்பட்டேன் என்பதை மறைப்பதில் பயனில்லை.

"நாளையிலேர்ந்து காலைல வர முடியுமா தங்கச்சி?" என்று உரிமையாளர் கேட்டார். "ஏழு மணிக்குள்ள வந்தாப் போதும்."

அவருக்கும் அக்கறை வந்துவிட்டது என்று மகிழ்ந்து, மறுநாள் போடியிலிருந்து முதல் பஸ்சில் ஏறினேன். அது ஐந்தாம் அமர்வு. நீவி முடித்ததும் அவர் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக லோடு ஏற்றும் கொட்டகைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வழக்கம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. மூட்டை வைக்கும் முன் லோடுமேன் தன் உள்ளங்கையைக் குதிரையின் கழுத்தடியிலிருந்து வால்மேடு வரை அழுத்தி இழுப்பார். முதுகு நெளிந்தால் அன்று அந்தக் குதிரைக்குச் சுமை இல்லை. இது கருணையால் வந்த வழக்கமல்ல. முதுகு வலிக்கிற குதிரை ஏற்றத்தில் படுத்துவிட்டால், மூட்டையோடு ஓடைக்குள் உருளும். ஆகவே லோடுமேன் "நிப்பாட்டு" என்று சொன்னால் எந்த உரிமையாளரும் மறுபேச்சு பேசுவதில்லை. மலையில் அந்தக் குதிரைகளுக்கு இருந்த ஒரே விடுப்பு அந்த நெளிவுதான்.

லோடுமேன் அழுத்தினார். அவள் அசையாமல் நின்றாள். இருபுறமும் உரமூட்டை ஏறியது.

"பாத்தியாண்ணே," என்றார் உரிமையாளர். "போன மாசம் வாரத்துக்கு மூணு நாளு நின்ன கழுத. தங்கச்சி கை பட்டதுலேர்ந்து ஒரு நாள்கூட நிக்கல."

லோடுமேன் என்னைப் பார்த்தார். "நல்ல கைதான். என் கைக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதே."

மருத்துவர் சொன்ன ஓய்வு என்னவாயிற்று என்று கேட்டேன். உரிமையாளர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பினார். "வலிக்குதுன்னுதான நிப்பாட்டச் சொன்னாரு? நீதான் சரி பண்ணிட்டியே. அப்புறம் எதுக்கு நிப்பாட்டணும்?"

வலி அடங்குவது வேறு, தசை ஆறுவது வேறு என்று விளக்கினேன். என் விளக்கம் முடிவதற்குள் குதிரை முதல் வளைவைத் தாண்டிவிட்டது.

அன்று மாலை பயிற்சியாளரை அழைத்தேன். ஓய்வு தேவை என்று உரிமையாளருக்குச் சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் அதைப் படிவத்தில் குறித்துவிட்டு ஆறாம் அமர்வைக் காணொளியில் எடுத்து அனுப்புங்கள், முன்னேற்றம் மிகத் தெளிவாகத் தெரிகிறது என்றார். அன்பானவர்தான். அவருக்குத் தெரிந்த குதிரைகள் மின்விசிறிக்குக் கீழே நிற்பவை.

பதிவில் சேர்க்காமல் காலையில் அவளை நீவிக்கொண்டே, ஒரு வாரம் மாற்று வழி தேடினேன். மாலையில் நீவுகிறேன் என்றேன். "காலைல மறுபடி இறுகிக்கிருமே" என்றார் உரிமையாளர். முதுகெலும்பின் மேல் இடைவெளி விட்டு ஒரு சாக்கு மெத்தை தைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாளே ஏற்றத்தில் சரிந்து, மடித்த பொட்டலமாகத் திரும்பி வந்தது. நீவினால் அவள் சுமை தூக்குவாள். நீவாவிட்டால் வலியோடு நிற்பாள், ஆனால் நிற்பாள். இந்தக் கணக்கைத் தீர்க்க எந்தப் பாடத்திலும் ஒரு வரி இல்லை.

ஆறாம் அமர்வன்று கைபேசியைத் தாங்கியில் நிறுத்தினேன். பிறகு அதை அணைத்துப் பைக்குள் போட்டேன்.

"என்ன தங்கச்சி, வெரசா ஆகட்டும்."

"இன்னைக்கு நீவலைண்ணே. லோடுமேன் கையே மொதல்ல படட்டும்."

அவர் புரியாமல் கொட்டகைக்கு ஓட்டிப்போனார். லோடுமேனின் கை பாதி முதுகு வருவதற்குள் அவள் காதை மடித்து நெளிந்தாள்.

"நிப்பாட்டு."

உரிமையாளர் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் பேசினார். "மொத பஸ்சுல வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கத்தான் இம்புட்டுப் படிச்சியா? மேல தோட்டத்துக்காரனுக்கு நீயா பதில் சொல்லுவ?"

அவள் மூட்டைகள் கொட்டகையில் கிடந்தன. வெள்ளைக் குதிரை தன் நடை முடித்து வந்ததும், மதியம் அவற்றையும் சுமந்து இரண்டாம் முறை ஏறியது. இதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. மாலையில் அது இறங்கி வந்தபோது அதன் முதுகில் இரண்டு விரல் வைத்தேன். மெல்ல நெளிந்தது. உரிமையாளர் அதைப் பார்த்துவிட்டார்.

"லோடுமேன்கிட்ட சொல்லிராத," என்றார். குரலில் கோபம் போய்க் கெஞ்சல் இருந்தது.

நான் சொல்லவில்லை. மறுநாள் காலை லோடுமேனின் கைக்கு அது தானாகவே தெரிந்தது. இரண்டு குதிரைகளும் நின்றன. அடுத்த நாள் வெள்ளை மட்டும் ஏறியது, ஒரு நடை மட்டும். மிச்ச மூட்டைகளை வேறொருவரின் குதிரைகள் கொண்டுபோயின.

படிவத்தில் "முன்னேற்றம்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதி அனுப்பினேன். வேறு குதிரையில் ஆறு அமர்வுகளையும் மறுபடி செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

நீவ மறுத்ததிலிருந்து பன்னிரண்டாம் நாள் கொட்டகைக்குப் போனேன். உரிமையாளர் என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போல் கயிற்றைச் சரிசெய்தார். லோடுமேன் செம்மண் நிறத்தாளின் முதுகில் கழுத்திலிருந்து வால் வரை அழுத்தி இழுத்தார். அவள் நெளியவில்லை. பன்னிரண்டு நாளாக அவள்மேல் என் கையும் படவில்லை, மூட்டையும் ஏறவில்லை. அவர் இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏத்துங்கப்பா" என்றார்.

மூட்டைகள் ஏறின.