மதகு வீட்டைக் கடந்த சனிக்கிழமைகள்

மலைச் சைக்கிளுக்கு மணி எதற்கு என்று கடைக்காரப் பெடியன் கேட்டான். அத்தான் விடவில்லை. ஊரில் தபால்காரர்கள் வைத்திருப்பார்களே, உள்ளங்கை அளவில் பித்தளை மணி, அப்படி ஒன்றை எங்கேயோ தேடி வாங்கிக்கொண்டு வந்து, அந்தப் பெரிய டயர்க்காரச் சைக்கிளின் கைபிடியில் தானே முடுக்கினார். எருமைக்குச் சலங்கை கட்டினது போல இருந்தது. நான் சிரித்தேன். "நீ சிரி, மச்சான். காட்டுக்கை பண்டி வந்தால் ஆர் கலைக்கிறது?" என்றார். பன்றி கலைப்பதற்காக வாங்கிய மணி இல்லை அது என்பது எனக்கு விளங்க மூன்று சனிக்கிழமைகள் பிடித்தன.

அத்தான் என் அக்காவின் கணவர். இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருடங்களில் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்துகொண்டிருந்தார். சீனி வருத்தம் வந்துவிட்டது, உடம்பை அசைக்கச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார் என்று ஒருநாள் திடீரென்று சைக்கிள் வாங்கினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். எங்கள் நகரத்திலிருந்து ஒரு எட்டு வைத்தால் கறுப்புக் காடு என்கிற மலைக்காடு. ஏறி இறங்க எத்தனையோ நல்ல பாதைகள். அத்தானோ காரின் பின்னால் இரண்டு சைக்கிள்களையும் கட்டிக்கொண்டு, ரைன் நதியைக் கடந்து, பிரான்ஸுக்குத்தான் போவார். அங்கேயும் மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் இருக்கும்போது, கால்வாய்க் கரையில் உள்ள ஒரு சின்னக் கிராமத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஒரு மணித்தியாலம் கரையோடு மிதித்துத்தான் மலைக்குப் போக வேண்டும் என்பார். கேட்டால், "கால் சூடாக வேணும்" என்று பதில் வரும்.

கால்வாய்க்கரையைக் குறை சொல்ல மாட்டேன். இருபுறமும் உயர்ந்த மரங்கள், அசையாத பச்சைத் தண்ணீர், மெல்ல நகரும் படகுகள், அவற்றின் கூரையில் பூச்சட்டிகள். தண்ணீர் மேட்டில் ஏறவேண்டிய இடங்களில் மதகுகள் இருக்கும். படகை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் கதவை அடைத்து, தண்ணீரை நிரப்பி அதை மேலே தூக்குவார்கள். மதகை இயக்குகிறவருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு. பாதை அந்த வீடுகளின் வாசலை உரசிக்கொண்டுதான் போகும். ஒவ்வொரு மதகு வீட்டின் முன்னாலும் அத்தான் மணி அடிப்பார். ஆளிருந்தாலும் அடிப்பார், இல்லாவிட்டாலும் அடிப்பார். நான்காவது வீட்டின் முன்னால் மட்டும் அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். மூன்றாவது சனிக்கிழமை அந்த வீட்டின் வாசலில், கை துடைக்கும் துவாயோடு, மெலிந்த ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். அத்தானின் தங்கச்சி. என் அக்காவின் கலியாணப் படத்தில் தோழியாக நின்ற அதே முகம்.

அவளை அத்தான்தான் ஊரிலிருந்து ஜெர்மனிக்கு எடுப்பித்தார். டோர்ட்மண்டில் ஒரு பெடியனைப் பேசி, மண்டபம் எடுத்து, அழைப்பிதழும் கொடுத்து முடிந்த நேரத்தில், அவள் தான் வேலை செய்த ஹோட்டலில் பழகிய பிரெஞ்சுக்காரன் ஒருவனோடு போய்விட்டாள். அவனுக்கு இந்த மதகில் வேலை. அழைத்த வீடுகளுக்கெல்லாம் அத்தான் போன் எடுத்துக் கலியாணம் இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. ஒரு வீட்டில் ஆறுதல் சொன்னார்கள், இன்னொரு வீட்டில் சிரித்தார்களாம். அந்தச் சூட்டில், சொந்தக்காரர்கள் கூடியிருந்த வரவேற்பறையில் எழுந்து நின்று சொன்னார்: "அவளின்ரை வாசல் மிதிக்கமாட்டன். அவளின்ரை கையாலை ஒரு வாய் தண்ணி குடிக்கமாட்டன்." எங்கள் ஆட்களிடையே கை நனைக்காத வீடு என்றால் செத்த வீடு மாதிரித்தான். அதைவிட மோசம், செத்த வீட்டுக்காவது போகலாம். சொன்னவருக்குக் கோபம் ஆறினாலும் கேட்டவர்கள் விடமாட்டார்கள். ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் யாராவது ஒருத்தர், "உன்ரை சொல்லெண்டால் சொல்லுத்தான்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போவார்கள். இந்த நாட்டில் எந்த அலுவலகம் எடுத்த முடிவுக்கும் ஆட்சேபம் எழுதிப் போட வழி உண்டு. எங்கள் வாயால் நாங்களே சொன்ன சொல்லை எதிர்த்து எங்கே எழுதுவது என்று அத்தானுக்குத் தெரியவில்லை.

ஆகவே சைக்கிள். பாதை அரசாங்கத்தினுடையது, அதில் யாரும் போகலாம். எல்லா மதகிலும் மணி அடிப்பதால் அது யாரையும் கூப்பிட்டதாகாது. அவள் தன் வாசலில் நிற்பதும் அவள் பாடு. இருவரும் ஒரு சொல் பேசியதில்லை. இப்படி இரண்டு கோடைகாலம் ஓடியது. எனக்கு அத்தான் மேல் பரிதாபம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒருநாள், "நிண்டு கதைச்சால் என்ன, அத்தான்? குடியா முழுகிப்போகும்?" என்று கேட்டேன். "ஏலாது, மச்சான்" என்றார். அதற்குப் பிறகு கார் வரை எனக்கு முன்னால் வேகமாக மிதித்துக்கொண்டு போனார்.

அந்த ஆவணி மாதச் சனிக்கிழமை மலையில் நல்ல வெயில். சிவப்புக் கல் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கும் உச்சி வரை ஏறினோம். இறங்கும் பாதை முழுக்க வேரும் கல்லும். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினோம். கீழே, மரச்சட்டங்கள் இட்ட பழைய வீடுகளும் தேவாலயக் கூரையில் கொக்குக் கூடுமாக இருந்த கிராமத்துக்கு வந்தபிறகுதான், சாப்பாட்டுப் பையின் வார் அறுந்து, பை காட்டுக்குள் எங்கேயோ விழுந்திருப்பது தெரிந்தது. மத்தியான நேரம், கடை எல்லாம் பூட்டு. காலையில் சீனியைக் குறைக்கும் மாத்திரை போட்டிருந்த அத்தான், "சமாளிப்பன்" என்று மிதித்தார். கால்வாய்க்கரையில் பாதித் தூரம் வரும்போது சைக்கிள் கோணல்மாணலாக ஓடத் தொடங்கியது. முகம் வெள்ளையாகி வியர்வை ஊற்றியது. நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொன்னார். அந்த நாலாவது மதகுக்கு வந்ததும் இறங்கி, தண்ணீரோரக் கல்லில் குந்திவிட்டார். கைகள் நடுங்கின. அன்று மணி அடிக்கவில்லை. நான் அந்த வீட்டுக் கதவை ஓங்கி அடித்தேன்.

அவள் அத்தானைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள், சீனியை அள்ளிப்போட்ட தேத்தண்ணியோடு வந்தாள். அவருக்கு முன்னால் வந்ததும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். கோப்பையை என்னிடம் தந்து, "நீங்கள் குடுங்கோ. என்ரை கையாலை வேண்டாம். இது அரசாங்கத்தின்ரை கல்லு, என்ரை வீடில்லையெண்டு அண்ணைக்குச் சொல்லுங்கோ" என்றாள். நான் கோப்பையைப் பிடிக்க அத்தான் குடித்தார். அவள் இரண்டு எட்டுத் தள்ளி நின்று ஒவ்வொரு மிடறையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மதகுக்குள் ஒரு படகு பாதி உயரத்தில் நின்றது. அதை விட்டுவிட்டு வரமுடியாமல், அவளுடைய புருசன், நெட்டையான மனிதர், இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி எங்களையே பார்த்தார்.

நடுக்கம் மெல்ல அடங்கியது. "இதிலையே இருக்கட்டும். படகு போனதும் அவர் காரிலை கொண்டுபோய் விடுவார்" என்றாள் என்னிடம். பிறகு முதல்முறையாக நேரே அவரிடம், "உள்ளுக்கை வாங்கோவெண்டு கூப்பிடமாட்டன், அண்ணை. நீங்கள் சொன்ன சொல்லு என்னாலை கெட்டதெண்டு இருக்கக்கூடாது" என்றாள்.

அத்தான் கல்லில் கையை ஊன்றினார். பிறகு எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். நேரே அந்த வாசலுக்குப் போய், குனிந்து, சேறு பிடித்த சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார். குசினிக்குள் நின்று, "சோறு இருக்கோ?" என்று கேட்டார். அவள் பின்னால் ஓடினாள். "சோறு காய்ச்சேல்லை, அண்ணை. உருளைக்கிழங்குக் கறியும் பாணும்தான் இருக்கு." "போடு" என்றார். கழுவுதொட்டியில் கையைக் கழுவிவிட்டு வந்து, மேசையில் இருந்து, பாணைப் பிய்த்துக் கறியில் தோய்த்து வாயில் வைத்தார். நாங்கள் இருவரும் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புக் காணாது" என்றார்.

அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அழுகையாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ரை மனிசன் எதைப் போட்டாலும் நல்லாயிருக்கு எண்டுதான் சொல்லும், அண்ணை. ஒரு குறை சொல்ல ஆளில்லாமல் இருந்தன்" என்றாள்.

இன்று அத்தானுக்கு அறுபது தாண்டிவிட்டது. மின்சாரச் சைக்கிள் வைத்திருக்கிறார், அதையும் முழங்கால் விட்டால்தான் ஓடுவார். அன்று அந்த வரவேற்பறையில் இருந்தவர்களில் பலர் பிறகு தங்கள் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த வெள்ளை மருமக்களுக்கு ஆலாத்தி எடுத்துவிட்டார்கள். முதுகில் தட்டியவர்களுக்கு அந்தச் சொல் ஞாபகமே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். அத்தானுக்கு வராது. அவர் அந்தக் கணக்கை அன்றைக்கே முடித்துவிட்டார்.

அன்று பின்னேரம், வீட்டுக்குப் புறப்பட முன், கால்வாய்க் கரையில் காரருகே நின்று அவர் அக்காவுக்குப் போன் எடுத்தார். சனிக்கிழமைகளில் அக்கா சோறு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "எனக்கு இரவைக்கு ஒண்டும் வைக்க வேண்டாம். நான் சாப்பிட்டிட்டன்" என்றார். எங்கே என்று அக்கா கேட்டிருக்க வேண்டும். அத்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "தங்கச்சி வீட்டிலை" என்றார். லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று நினைத்து அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அப்போது அக்காவின் உடைந்த குரல் எனக்கும் கேட்டது.

"என்ன கறி?"