தெருவுக்கு முதுகு காட்டிய மாடி

யுத்தம் முடிந்த வருஷம் பெரம்பலூர் பருத்தி மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். வேலை நின்றதும் தெற்கே நடந்தேன். திருமழபாடியில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் ஒரு மழைக்காலம் முழுவதும் பணக்காரர் மாடியில் குடியிருந்தேன்.

கோயிலை அடுத்த பழைய தெருவில், கொள்ளிடக் கரையை ஒட்டி நின்றது அந்த வீடு. ரங்கூனில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் கட்டியது. கீழே சாமான் அறைகள், குடியிருப்பெல்லாம் மாடியில். பர்மா தேக்குக் கதவுகள், பூப்போட்ட தளக்கல், ஆள் படுத்துக் குளிக்கும் பீங்கான் தொட்டி. ஆற்றுப் பக்கம் வரிசையாக ஜன்னல்கள். தெருப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. எதிர்ச் சாரியில் அவருடைய பங்காளிகள் இருந்தார்கள். சொத்துத் தகராறில் பேச்சு வார்த்தை நின்றுபோயிருந்தது.

“அவனுங்க மூஞ்சியில முழிக்கவா வூடு கட்டுனேன்?” என்றார். வாசலையும் ஆற்றைப் பார்த்தே வைத்துவிட்டார்.

அவருடைய மனைவி பால் காய்ச்சிய மறுநாளே அரியலூரில் தாய் வீட்டுக்குப் போனவர், திரும்பவில்லை. “அங்க இருக்கப் பயமா இருக்கு” என்று மட்டும் சொன்னாராம். ஆற்றைச் சொல்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். மாமனார் வீட்டில் தங்க இவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அரியலூரிலேயே தம் மளிகைக் கடையின் பின்னறையில் படுத்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வெள்ளம் முழுக்க இருந்து காட்டுய்யா. வூடு அசையாது. அத நீயே அவகிட்டச் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா” என்றார். அதைச் சொல்லும்போது முதலாளி மாதிரி இல்லை.

ஓடக்காரருக்கு நான் வேடிக்கைப் பொருளானேன். “கிரகப்பிரவேசத்துக்குப் பசுவ வுட்டாங்க, அது பொழச்சிடுச்சு. இப்ப ஒன்ன வுட்டுருக்காங்க” என்று கரையிலிருந்து கத்துவார். “ஜமீனு! தொட்டியில குளிச்சாச்சா?”

குளிக்கவில்லை. கட்டிலிலும் படுக்கவில்லை. சுவரோரம் தரையில் துண்டை விரித்துப் படுத்தேன். சோறு ஆக்கினேன், தூசி தட்டினேன், ஜன்னல்களைத் திறந்து மூடினேன். வேறு வேலை இல்லை. ஆவணியில் தண்ணீர் ஏறியதும் ஓடமும் நின்றது. கரை தெரியாமல் செம்மண் நிறத்தில் ஆறு போனது. வேரோடு மரங்கள் போயின. வாசற்படிகள் முழுகின. வீடு அசையவில்லை. சாமான் அறைகளின் பின்கதவு வழியாகச் சந்துக்கு இறங்கி அரிசி வாங்கி வருவேன். தெருவில் பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். மாடிக்கு வந்தால் ஆற்றின் இரைச்சல் மட்டும்தான். தரும சத்திரங்களில் படுத்திருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன். அங்கெல்லாம் பக்கத்தில் யாராவது இருமிக்கொண்டாவது இருப்பார்கள். இங்கே நான் வாய் திறந்து பேசுவதே அரிசிக் கடையில்தான் என்றாகிவிட்டது.

வெள்ளம் வடிந்ததும் கணவரும் மனைவியும் வண்டியில் வந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு தம்பி?”

“வாசப்படி வரைக்குங்க. வூட்டுக்கு ஒண்ணும் ஆவலைங்க.”

“பாத்தியா?” என்றார் கணவர்.

அந்த அம்மாள் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. “இத்தினி மாசமா யார்கூடப் பேசுன?”

எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்ததில் இந்தக் கேள்வி இல்லை. “யாருங்க இருக்காங்க பேச? இங்கேருந்து கூப்புட்டாக்கூட ஒருத்தருக்கும் கேக்காதுங்க” என்றேன்.

“அதத்தான் நானும் சொன்னேன்” என்றார் அந்த அம்மாள் கணவரிடம். “நீங்க பொழுதுக்கும் கடையில இருப்பீங்க. புள்ளகுட்டியும் இல்ல. நான் ஆத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணுமா? தெருப்பக்கம் ஒரு சன்னல் வைங்க. நாளைக்கே வந்துடுறேன்.”

“பங்காளி வூட்டப் பாத்தா?”

“அந்த வூட்டுப் பொம்பளைங்க என்ன பண்ணுனாங்க எனக்கு?”

கணவர் தெருப்பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொத்தனார் அரை நாளில் முடிக்கிற வேலை. “செத்தாலும் முடியாது” என்றார். அந்த அம்மாள் இறங்கி வண்டியில் போய் ஏறிக்கொண்டார். கணவர் போகும்போது, “நீ இரு. எத்தன நாள் வேணாலும் இரு” என்றார். என் மேல் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

கூரையில்லாதவனுக்குக் கிடைக்கிற பேச்சா அது? ஆனாலும் மார்கழி வரைக்குந்தான் தனியாக இருக்க முடிந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு அரியலூருக்கு நடந்து, கடையில் அவரிடம் சாவியை நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். “அந்தாண்ட, அவனுங்க வூட்டுப் பேச்சு ஏதாச்சும் காதுல வுழுமா?” என்று கேட்டார்.

“இல்லிங்க. செவுரு நல்ல கனம்.”

தலையை ஆட்டினார். சாவியை மேஜைக்குள் போட்டுவிட்டு, காத்திருந்த பெண்ணுக்குப் புளி நிறுக்க எழுந்தார். நான் ரயிலடிப் பக்கம் நடந்தேன்.