பதினைந்து மூட்டை தாங்கும் பட்டை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது எளிது. யுத்த காலத்தில் திண்டிவனத்தில், ஆறே கட்டில் போட்ட ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பெண்கள் சத்தம் போடாமல் பிள்ளை பெற்றுவிடுகிறார்கள் என்று எங்கள் டாக்டரம்மா கேலி செய்வார்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பழைய வேன் இருந்தது. யாரோ ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. பெட்ரோல் கிடைக்காமல் போனதும், ஊரில் ஓடிய பஸ்களுக்கெல்லாம் செய்ததுபோல் அதற்கும் பின்னால் ஒரு கரி டிரம்மைக் கட்டினார்கள். அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டி, அரை மணி நேரம் காற்றடித்தால் வருகிற வாயுவில்தான் இஞ்சின் ஓடும். அந்த டிரம்மின் கனத்தில் வேனின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. அச்சுக்கு மேலே வண்டியைத் தாங்குபவை பட்டைகள். நீண்ட எஃகுத் தகடுகளை வில்லாக வளைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். எங்கள் வேனின் பட்டைகள் வளைவு போய்த் தட்டையாகிவிட்டன. டிரம்மின் அடியில் சாம்பல் வாரும் கதவு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கியது.

மரக்காணம் போகும் வழியில் ஒரு தாம்போதி உண்டு. பாலம் கிடையாது, மழைக்காலத்தில் தண்ணீர் சாலையின் மேலேயே ஓடும், வண்டி அதில் இறங்கித்தான் ஏற வேண்டும். ஓர் ஐப்பசியில், கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு மீனவப் பெண்ணை வலியோடு ஏற்றிக்கொண்டு வந்தோம். தாம்போதியின் நடுவில் தண்ணீர் சாம்பல் கதவுக்குள் புகுந்தது. நெருப்பு அவிந்தது, இஞ்சின் நின்றது. அவளுக்கு இடுப்பு குறுகல். குழந்தையை இடுக்கி ஆயுதம் போட்டு எடுக்க டாக்டரம்மா வேண்டும். டாக்டரம்மாவோ பத்து மைலுக்கு அப்பால் இருந்தார். நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். குழந்தை வேனிலேயே பிறந்து, அழாமலே போயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு சோதனைக்கு வந்தபோது அவள் என்னிடம், "நாள் வர்ற வரைக்கும் இங்கயே இருந்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். வராந்தா நிறையக் கூட்டம். எனக்குத் தலைவலி. "இருக்கறது ஆறு கட்டிலு. உன்னை என் தலையிலயா படுக்க வைப்பேன்? வலி வந்தா வா" என்றேன். அவள் தலை குனிந்து போய்விட்டாள்.

அடுத்த ஆடியில் அவள் மறுபடி வயிற்றோடு வந்து நின்றபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: "வலி கண்டதும் ஆள் அனுப்பு. வண்டி உன் வாசலுக்கு வரும், தாம்போதியையும் தாண்டும்." சொல்லிவிட்டேன். இனி வண்டியை உயர்த்தியாக வேண்டும்.

எங்கள் டிரைவர் கோட்டக்குப்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் பதறாதவர். "புதுப் பட்டை மெட்ராஸ்லயே கெடைக்காதும்மா. ரொம்ப பேஜாரு" என்றார். "விழுப்புரத்துல பழைய இரும்புக் கடையில ஒடஞ்ச லாரிப் பட்டைங்க கெடக்குது. வாங்கியாந்து ஆசாரிகிட்ட குடுத்தா நம்ம வண்டிக்குத் தக்கன வளைச்சிக் குடுப்பாரு." ரயிலில் போய் இரண்டு கோணிகளில் சுற்றி எடுத்துவந்தார். மறுநாள் அவற்றை மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு இருவரும் கொல்லுப்பட்டறைக்குப் போனோம்.

பட்டறையில் உலை குளிர்ந்து கிடந்தது. ஆசாரி நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கி அமாவாசைம்மா. உலை மூட்டறதில்ல. நாளைக்கி வாங்க" என்றார்.

மயிலம் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த வீட்டில் பிறந்தவள் நான். களத்து மேட்டில் கூலி நெல்லுக்காக என் அம்மா நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் இன்னோர் ஆயுள் தேறும். அதனாலோ என்னவோ, யாராவது 'நாளைக்கு வா' என்றால் எனக்குச் சுர்ரென்று ஏறும். "புள்ள அமாவாசை பார்த்தா பொறக்கும்?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு முக்காலியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தி, "குந்துங்கம்மா, மோர் கொண்டாரச் சொல்றேன்" என்றார். நான் உட்காரவில்லை. அந்தத் தெருவில் எனக்கு யாரும் முக்காலி போட்டதில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் வேலை தொடங்கியது. தரையில் சாக்கட்டியால் ஒரு பெரிய வளைவைப் போட்டுக்கொண்டார் ஆசாரி. ஒவ்வொரு பட்டையாகப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பார்; மயிரிழை விலகினாலும் மறுபடி உலைக்குள் போகும். கடைசியில் கலப்பைக் கொழுவைத் தோய்ப்பதுபோல் தண்ணீரில் தோய்த்தார். அங்கேதான் தப்பு. கொழுவுக்குக் கடினம் வேண்டும். பட்டைக்கு வளைந்து நிமிரத் தெரிய வேண்டும். அவர் அதுவரை கொழுவும் அரிவாளும் வண்டிச் சக்கரத்து இரும்புக் கட்டும்தான் அடித்திருந்தார். வேனில் மாட்டி ஜாக்கியை இறக்கியதும் மேல் பட்டை படீரென்று இரண்டாகப் பிளந்தது.

நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன். தெருவே கூடிவிட்டது என்பது மட்டும் போதும். ஆசாரி உடைந்த துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், "எண்ணெயில தோய்ச்சிப் பாக்கறேன்ம்மா. ஒரு டின் மல்லாட்டை எண்ணெய் வோணும்" என்றார். பிறகு, "சொமை எவ்ளோம்மா ஏத்துவீங்க? எத்தினி மூட்டை?" என்று கேட்டார்.

அவரிடம் வந்த வண்டிகளெல்லாம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றும் மாட்டுவண்டிகள். சுமை என்றால் அவருக்கு மூட்டைதான். நிதானமாக ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எங்கள் கணக்கைச் சொல்லியிருக்கலாம். எனக்கோ இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "பதினஞ்சு மூட்டைன்னு வெச்சிக்குங்க! உடையாம இருந்தா போதும்!" என்றேன். டிரைவர் என்னை ஒரு தடவை பார்த்தார். ஆசாரியும் பார்த்தார். பிறகு உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு உலைப் பக்கம் போனார்.

இரண்டாம் தடவை ஆசாரி உயிரைக் கொடுத்து வேலை செய்தார். சிவந்த பட்டைகள் எண்ணெயில் இறங்கியபோது எழுந்த புகையில் தெரு முழுக்க வடை வாசனை. பிறகு ஒவ்வொன்றையும் மெல்ல மறுபடி சூடேற்றி, காய்ந்த புளியங்குச்சியை அதன்மேல் தேய்த்துப் பார்த்தார். குச்சி புகைந்து வழுக்கிக்கொண்டு ஓடினால் சூடு போதும் என்று அர்த்தமாம். பக்கத்துக்கு ஒன்பது பட்டை. மாட்டி இறக்கியதும் வேன் நிமிர்ந்து நின்றது. சாம்பல் கதவு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். ஆனாலும் அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டேன்.

நான்கு தெரு தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. பதினைந்து மூட்டை கனத்துக்கு அசைந்து கொடுக்க வேண்டிய பட்டைகள், எங்கள் இருவர் கனத்துக்கு அசையவே இல்லை. ஒரு கூழாங்கல்லில் ஏறினாலும் வேன் துள்ளியது. "ஆசாரிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாம்மா" என்றார் டிரைவர். "அன்னைக்கு அவ்வளவு பேசிட்டு எந்த முகத்தோட போறது? நீங்க போய்ச் சொல்லுங்க" என்றேன். "மூட்டைக் கணக்கு சொன்னது நீங்கதானேம்மா" என்றார் அவர். அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. புதுப் பட்டை, போகப் போகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசி கடைசியில், மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு காலையில், அந்தக் குப்பத்துப் பெண்ணின் புருஷன் இரவல் சைக்கிளில் தொப்பலாக நனைந்து வந்து நின்றான். "வலி எடுத்துக்கிச்சும்மா. கொஞ்சம் ரத்தமும் படுது." நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. டிரைவர் கரியை மூட்டினார். சைக்கிளை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு அவனும் எங்களோடு ஏறிக்கொண்டான்.

தாம்போதியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இறங்கி ஒரு குச்சியை நட்டு ஆழம் பார்த்தார். சாம்பல் கதவுக்கும் தண்ணீருக்கும் இடையே நான்கு விரல் இருந்தது. வேன் நிற்காமல் தாண்டியது. அதற்குள் என் தலை இரண்டு தடவை கூரையில் இடித்துவிட்டது. கத்தரிக்கோல் வைத்த டப்பா பறந்துபோய்க் கதவில் மோதியது. ரத்தப் போக்குள்ள பெண்ணை இந்த வண்டியிலா கொண்டுபோவது?

குப்பத்தில் அவளைப் பாயோடு தூக்கி வேனில் கிடத்தினோம். மணல் பாதையில் முதல் பள்ளத்திலேயே அவள் போட்ட அலறலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். "கனம் இல்லாம இந்தப் பட்டை அடங்காதும்மா" என்றார். மணலை அள்ளிக் கொட்டலாம் என்றான் புருஷன். "கொட்டலாம்ப்பா. தாம்போதியில வண்டி அமுங்குமே? அங்க யாரு எறக்கறது, யாரு ஏத்தறது?" என்றார் டிரைவர். கனம் இருந்தால் தண்ணீர் நெருப்பை அணைக்கும். இல்லாவிட்டால் குலுக்கலில் அவள் தாங்க மாட்டாள். பதினைந்து என்று சொன்ன என் வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வேனைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் மீன் கூடைக்காரி ஒருத்தி கேட்டாள்: "கனந்தான நர்ஸம்மா வோணும்? நாங்க ஏறிக்கறோம். தண்ணி வந்தா எறங்கி நடக்கறோம். எங்களுக்குத் தண்ணி புச்சா?"

ஒன்பது பேர் ஏறினார்கள். அவளைச் சுற்றிக் குந்தி, ஆளுக்கொரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். புருஷன் படியில் தொற்றிக்கொண்டான். பட்டைகள் முனகிக்கொண்டே அமுங்கின. வேன் பல்லக்காகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அலறவில்லை. ஒருத்தி அவளுக்கு வெற்றிலை மடித்து நீட்டினாள். நான் முறைத்ததும் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

தாம்போதி வந்ததும் ஒன்பது பேரும் இறங்கினார்கள். வேன் ஒரு சாண் எழுந்தது. புருஷன் சாலையின் விளிம்பைக் குச்சியால் தட்டிக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். டிரைவர் கட்டை வண்டி வேகத்தில் ஓட்டினார். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் தண்ணீரில் வந்தார்கள். உள்ளே அவளும் நானும் மட்டும். நடுவில் வந்தபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்த எடந்தானேம்மா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாம்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. அக்கரை ஏறியதும் நான் அழுதேன். ஈரச் சேலைகளோடு ஏறிய ஒன்பது பேரும் அதைப் பார்க்காததுபோல் இருந்தது அவர்கள் பெருந்தன்மை.

டாக்டரம்மா ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் குரல் என் குரலுக்குக் குறைந்ததில்லை. வராந்தாவில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் அதைக் கேட்டுப் போட்ட கூச்சலுக்கு, வேறு நாளாக இருந்தால் விரட்டியிருப்பேன்.

மறுநாள் வேனோடு பட்டறைக்குப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லி, மூட்டைக் கணக்கைக் கோபத்தில் உளறியது நான்தான் என்றும் சொன்னேன்.

ஆசாரி சிரித்தார். "அன்னிக்கே சந்தேகந்தாம்மா. ஆஸ்பத்திரி வண்டியில இன்னாத்துக்குப் பதினஞ்சு மூட்டைன்னு. ரெண்டு பட்டைய உருவிட்டு, மிச்சத்த இன்னும் கொஞ்சம் வளைச்சா உசரமும் நிக்கும், மெத்துன்னும் போவும். அரை நாள் வேலை."

"அப்போ ஏன் திருப்பிக் கேக்கல?"

"நீங்க கோவமா இருந்தீங்க. கோவமா இருக்கறவங்ககிட்ட யாரும்மா ரெண்டாந்தரம் கேப்பாங்க?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு வராந்தாவும் கூட்டமும், 'இங்கயே இருந்துக்கட்டுமாம்மா' என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் தலை குனிந்து போனவளும் கண்முன் வந்தார்கள். கட்டில் ஆறுதான். வராந்தாவில் ஒரு பாய் போட எவ்வளவு இடம் வேண்டும்?

ஆசாரி அதே முக்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார்ந்தேன். சாக்கட்டியை எடுத்துக்கொண்டு தரையில் குனிந்தவர், கொஞ்சம் தயங்கி, என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்கம்மா. எத்தினி பேரு ஏறுவீங்க?"

நிதானமாக விரல் விட்டு எண்ணினேன். "டிரைவர், நான், ஒரு புள்ளத்தாச்சி, அவளுக்குத் துணையா ஒரு பொம்பளை. திரும்பிக் கொண்டுபோய் விடும்போது ஒரு குழந்தை கூட."

"கொழந்தை இன்னாம்மா கனம்" என்றார்.

"இருந்தாலும் சேர்த்துக்குங்க" என்றேன்.