துள்ளும் என்று சொன்னேன்

அண்ணிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து வயிற்றில் தங்கியது. எனக்குக் கல்யாணமான வருஷமே தங்கிவிட்டது. அண்ணி என் கணவரின் பெரியப்பா மகள், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர், வயது முப்பத்தெட்டு. நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர், அவரைவிடப் பதின்மூன்று வயது சின்னவள். இயேசுவைச் சுமந்த மாதாவும் அவருடைய வயதான சொந்தக்காரப் பெண்ணும் ஒரே சமயத்தில் கர்ப்பமாக இருந்த கதை எங்கள் மாதா கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் பரிசோதனை முடிவு வந்ததுமே போன் போட்டுக் கத்தினேன்.

"அண்ணி, அது நாமதான்! நான் மாதா. நீங்க அந்தப் பெரியம்மா!"

"ஆமா, மாதா பொழுதன்னிக்கும் மல்லாட்டையத் தின்னுக்கினு பித்தம்னு பொலம்புனாங்களாக்கும்," என்றார், என் வேர்க்கடலைப் பைத்தியம் தெரிந்தவர். "மொதல்ல வாந்தி எடுக்காம ஒரு வேள சோறு தின்னு, டீச்சரம்மா."

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனிலேயே ஜெபமாலை சொல்வோம். அண்ணி முன்பாதி, நான் பின்பாதி. மாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது யாராவது ஒருத்தர் தூங்கிப்போவோம். "ஏய், இருக்கியா?" என்று அந்தப் பக்கம் குரல் வரும். ஜெபமாலையில் நினைத்துப் பார்க்கும் சந்தோஷ தேவ இரகசியங்களில் இரண்டாவது, மாதா தன் சொந்தக்காரியைப் பார்க்கப் போனது. அதை மட்டும் இரண்டு பேரும் தூங்காமல் சொல்வோம். அது எங்களுடையது என்று ஒரு திமிர். மாதா வாழ்த்துச் சொன்ன சத்தம் காதில் விழுந்ததும் பெரியம்மா வயிற்றுப் பிள்ளை சந்தோஷத்தால் துள்ளியது. அந்த இடம் வரும்போது அண்ணி, "இங்கயும் துள்ளுது, எட்டி ஒதைக்குது கழுத," என்பார்.

எங்கள் பக்கம் மே மாதம் மாதாவின் மாதம். ஓரடி உயர மாதா சுரூபம் ஒன்று வீடு வீடாகப் போகும். எந்த வீட்டுக்குப் போகிறதோ அங்கே தெருவே கூடி ஜெபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, சுண்டல் தின்னும். மாதக் கடைசி நாள், மாதா சந்திக்கப் போன திருநாள். அன்றைக்குச் சுரூபத்தை நானே திண்டிவனத்துக்கு எடுத்துப் போகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் நின்று நின்று அனுமதி வாங்கினேன். அண்ணி தெருவில் இருபது பேருக்குச் சொல்லியாயிற்று. எனக்கு ஐந்தாம் மாதம், அவருக்கு எட்டு. இந்த மாதிரி விஷயம் என்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது.

அன்று காலை ஒன்பது மணிக்கு அண்ணி கூப்பிட்டார்.

"ஏம்மா, விடிஞ்சதுலேருந்து புள்ள அசையவே இல்ல. பேஜாரா இருக்குது. ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிக்கினு வந்துரட்டுமா?"

நான் சுரூபத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

"அண்ணி, இன்னிக்கு என்ன நாளு! புள்ள காத்துக்கினு இருக்குது. மாதா வந்து கூப்பிட்டதும் துள்ளும் பாருங்க. மூணு மணிக்கு வந்துர்றேன். வெல்லத்தண்ணி குடிச்சிட்டு எடது பக்கமா படுத்துக்குங்க."

சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "துள்ளும்ல?" என்றார்.

"துள்ளும் அண்ணி."

பிள்ளை அசையவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த வாரம்தான் செக்கப்பில் நர்ஸ் எனக்கே சொல்லியிருந்தார். அறிவியல் டீச்சர் நான்.

பஸ்ஸில் துண்டு சுற்றிய சுரூபத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "மாதாவுக்கு டிக்கெட் வேணாம், உள்ள இருக்கிறவருக்கும் வேணாம், உங்களுக்கு மட்டும் எடுங்க," என்றார். பஸ்ஸே சிரித்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று, வண்டிகள் அசையவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து.

வாசலில் பந்தல். பெண்கள் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணி பச்சைப் புடவையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சுரூபத்தோடு அவர் முன்னால் மண்டி போட்டு, வயிற்றருகே வாயை வைத்து, "தங்கம், மாதா வந்துட்டாங்கடா," என்றேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. என் வயிற்றுக்குள். முதல் தடவையாக, மீன் புரண்ட மாதிரி.

"துள்ளுது! துள்ளுது!" என்று கத்திவிட்டேன்.

பெண்கள் அண்ணியின் பிள்ளைதான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஒரு அம்மா அழுதேவிட்டார். நான் சிரித்தபடி அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்திருந்தார்.

"எனக்கு இல்லம்மா," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். துடிப்பு இல்லை. எப்போது நின்றது என்று சொல்ல முடியாது, காலையிலேயே வந்திருந்தாலும் பலன் இருந்திருக்குமா என்றும் சொல்ல முடியாது என்றார். பிறகு, "ஏம்மா, காலையிலேயே ஏன் வரல?" என்று கேட்டார்.

நான் அண்ணியின் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

"வேலையில கவனிக்கலைங்க டாக்டர்," என்றார் அண்ணி.

மறுநாள் பிறந்தது. ஆண். கல்லறைக்கு வயிற்றுப்பிள்ளைக்காரி வரக்கூடாது என்று என்னை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அண்ணி வீட்டுக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னார். "பதினோரு வருசம் காத்துக்கினு இருந்தவளுக்கு அரை நாளு கவனம் இல்ல பாரு." அண்ணி பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை.

எனக்கு மகள் பிறந்தாள். கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது நான் செய்ததைச் சொன்னேன். கடவுள் மன்னித்துவிட்டார் என்றார் சாமியார். கடவுளுக்கு என்ன, அவர் அண்ணியைப் போல அந்த வீட்டில் அண்ணாவோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டுச் சாப்பிட வேண்டியதில்லையே.

போன மாதம், பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திண்டிவனம் போனேன். மத்தியானம். அண்ணா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தார். உட்காராமலேயே சொன்னேன். ஒன்பது மணிக்குப் போன் வந்தது, அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் கிளம்பினார், நான்தான் நிறுத்தினேன்.

"ஏய், சும்மா இரு," என்றார் அண்ணி. நான் நிறுத்தவில்லை.

அண்ணாவின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"நீ ஏன் சொல்லல? இத்தினி நாளு நான் பேசுனேனே, ஏன் சொல்லல?"

"அவ வயித்துல புள்ள இருந்துதுங்க," என்றார் அண்ணி. "பயந்துக்கினா என்னா ஆவறது."

அண்ணா எழுந்து பின்பக்கம் போனார். கை கழுவுகிற சத்தம் கேட்டது.  அண்ணியும் கரண்டியை வைத்துவிட்டு அவரிடம் போனார். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. கோபம் இல்லை என்று நினைக்கிறேன். அவருக்கு அங்கே வேலை இருந்தது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். "பாப்பாவ ஒருநாளு கூட்டிக்கினு வா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும் என்று நின்றேன். வெயில் சுட்டது. எவ்வளவு நேரம் நிற்பது? கிளம்பிவிட்டேன்.