மூன்று ராணிகளும் என் இரண்டு ஜாக்கும்

திருகோணமலைத் துறைமுகத்தில் மழை என்றால் எங்களுக்குச் சீட்டு. நனைந்த தேயிலையை எந்தக் கப்பலும் ஏற்காது. கப்பலுக்குச் சரக்குக் கொண்டுபோகும் பார்ஜ்கள் தார்ப்பாயைப் போர்த்துக்கொண்டு நிற்க, பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் கிளாக்கர்மாராகிய நாங்கள் ஷெட்டுக்குள் 304 என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். அதில் நான் புலி. இதை நானேதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் என்னிடம் தோற்றவர்கள், சொல்லமாட்டார்கள்.

304இல் நாலு பேர். எதிரே இருப்பவர் நம் கூட்டாளி. எனக்கு எதிரே எப்போதும் ஒரே அண்ணைதான். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், முன்பு கப்பலில் வேலை செய்தவர். நல்ல சீட்டு வந்தால் அவரை ஒரு பார்வை பார்ப்பேன். களவுதான். எல்லோரும் செய்த களவு.

ஒரு மாரியில் என் மனைவி குச்சவெளியில், தாய்வீட்டில், எங்கள் முதல் பிள்ளையைப் பெற்றாள். பெண் குழந்தை என்று பஸ் கண்டக்டர் வந்து சொன்னார். துறையிலோ கப்பல் நின்றது. கடமையில் அண்ணையும் நானும் மட்டும். ஒருவர்தான் லீவில் போகலாம், யாரென்று நீங்களே தீர்மானியுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

“நீங்கள் போங்கோ தம்பி,” என்றார் அண்ணை.

அவரும் மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாதவர். எனக்கு அந்த வயதில் ரோசம் அதிகம்.

“பிச்சை வேண்டாம் அண்ணை. விளையாடுவம். வெண்டவர் போகட்டும்.”

இரண்டு பேருக்கு 304 சரிவராது. ஆகவே கப்பலில் பழகிய போக்கரைச் சொல்லித் தந்தார். ஆளுக்கு ஐந்து சீட்டு, வேண்டாததை ஒருமுறை மாற்றலாம். சோடி நல்லது, ஒரே மாதிரி மூன்று அதைவிட நல்லது. பந்தயத்துக்குத் தீக்குச்சி.

“ஆஸ் பெரிசு. பிறகு ராசா, ராணி. அதுக்குப் பிறகுதான் ஜாக்.”

“ஓம், ஓம்,” என்றேன். காது கேட்டது, கை கேட்கவில்லை. 304இல் ஜாக்தான் எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தது ஒன்பது. ராணி குப்பை. அந்தப் பழக்கத்தில் ராசாவை எறிந்துவிட்டு ஒன்பதைப் பிடித்துவைத்தேன். சீட்டுச் சரியில்லை என்றால் கவிழ்த்துவிட்டு விலகலாம் என்பதும் மண்டையில் ஏறவில்லை. போட்ட சீட்டை ஆடி முடிக்காமல் எழும்புகிறவனும் ஒரு மனிசனா? இதையெல்லாம்விடப் பெரிய மடைத்தனம், நல்லது வந்த போதெல்லாம் எதிரே இருந்தவரைக் கண்ணால் பார்த்து அறிவித்தேன். அவர் கூட்டாளி இல்லை, எதிராளி என்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

என் தீக்குச்சிகள் கரைந்தன. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

“இதுதான் கடைசி. இதில வெண்டவர் போறது,” என்றார் அண்ணை.

எனக்கு இரண்டு ஜாக் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன், வழக்கம்போல அவரைப் பார்த்தேன், மிச்சக் குச்சிகளை எல்லாம் நடுவில் தள்ளினேன். அவர் தன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெதுவாகக் கவிழ்த்தார்.

“உங்கட ஆட்டம் தம்பி.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கவிழ்த்ததை எடுத்துத் திருப்பினேன். மூன்று ராணி.

“இந்தக் குப்பையை வைச்சுக்கொண்டோ அண்ணை இவ்வளவு யோசிச்சனீங்கள்?”

அவர் சிரித்தார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

உப்புவெளி தாண்டும்வரை என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான், ஆஸ், ராசா, ராணி என்று சும்மா விரல்விட்டு எண்ணினேன். ராணியில் விரல் நின்றுவிட்டது. ஜாக்குக்கு மேல், அதுவும் மூன்று. என்னிடம் இருப்பது இரண்டு ஜாக் என்று என் முகத்திலேயே வாசித்துவிட்டு, வெல்லும் சீட்டைக் கவிழ்த்திருக்கிறார். நான் கிண்டல் செய்தபோதும் ஒரு சொல் சொல்லவில்லை. இப்படியும் ஒரு மனிதரா என்று நிலாவெளிக் கடலைப் பார்த்தபடி இருந்தேன். குச்சவெளியில் பிள்ளையைக் கையில் வாங்கியபோதும் அந்தப் பிரமிப்பு விடவில்லை. எது பிள்ளையால், எது அவரால் என்று இன்றும் பிரிக்க ஏலாது.

திரும்பி வந்ததும் நேரே அவரிடம் போனேன்.

“ஏன் அண்ணை தோத்தனீங்கள்?”

அவர் பெட்டி எண்ணுவதை நிறுத்தவில்லை.

“என்ர மூத்தவளை நான் முதல் கண்டது அவளுக்கு ரண்டு வயசில, கப்பலால வந்து. என்னைக் கண்டு பயந்து தாய்க்குப் பின்னால ஒளிச்சவள்.” பிறகு கேட்டார்: “உங்கட பிள்ளை?”

“விரலைப் பிடிச்சவள், விடேல்லை அண்ணை.”

“அப்ப நான் என்னத்தைத் தோத்தனான்?” என்றார்.