வயலின்கள் காணாமல் போன காலை

சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டின் ஒரு சுவர் முழுக்க மேற்கத்திய செவ்விசைத் தட்டுகள். இசையமைப்பாளர், ஆண்டு என்று வரிசை குலையாமல் அடுக்கியிருப்பேன். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை, சைனாடவுனில் வாங்கிய இசைக்குழுத் தட்டு ஒன்றை ஹெட்போனில் கேட்க உட்கார்ந்தேன். இடப்பக்கம் ஒலிக்க வேண்டிய வயலின்களைக் காணோம். வலப்பக்கத்து செல்லோக்கள் மட்டும் கேட்டன.

முந்தைய நாள் அங்கே துடைத்தது என் மனைவி. "வயரை இழுத்துட்டியா?" என்று கத்தினேன்.

"அது உங்க சாமி ரூம் லா, யாரு தொடுவா? தூசிதான் தட்டினேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்க."

திருப்பி மாட்டினேன். வலக்காதில் வயலின்கள் தெளிவாகக் கேட்டன. இப்போது செல்லோக்களைக் காணோம். பழுது ஹெட்போனில் இல்லை, என் இடக்காதில். அதனருகே விரலைச் சொடுக்கினேன். சத்தமே இல்லை. அடுத்த காதும் போய்விட்டால்?

"நாளைக்கு கிளினிக் போறேன்," என்றேன்.

"நாளைக்கா? சட்டையை மாட்டுங்க," என்றவள் டாக்சிக்குச் சொல்லிவிட்டாள்.

இப்படித் திடீரென்று கேட்காமல் போனால் உடனே வந்தால்தான் மீட்க வாய்ப்பு என்றார் மருத்துவர். சிகிச்சைக்குப் பிறகும் பாதிதான் திரும்பியது.

இப்போது அதிகமும் பழைய பியானோ பதிவுகளையே கேட்கிறேன். ஒரே மைக்கில் பிடித்தவை, இரு பக்கமும் ஒரே ஒலிதான் என்பதால் ஒரு காது போதும், எதுவும் விட்டுப்போகாது.

மனைவி என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்துதான் பேசுகிறாள். முன்பெல்லாம் எந்தப் பக்கம் உட்காருவாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.