தலைவலிச் செட்டும் ஒற்றை மாத்திரையும்

அப்போது என் மகளுக்கு ஐந்தாவது மாதம். தாய்ப்பால் மட்டும்தான். அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி தலைவலி வந்தது. தலையைச் சுற்றித் துண்டை இறுக்கிக் கட்டியதுபோல் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்.

தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டேன். தூக்கம் கெட்டு, கழுத்தும் தோளும் இறுகி வருகிற வலி என்றார். முதலில் பாராசிட்டமால், அதில் கேட்காவிட்டால் சாப்பிட்டபின் இபுபுரூஃபன். பால் கொடுப்பவர்கள் இரண்டையும் போடலாம், ஆஸ்பிரின் வேண்டாம், எதையும் பழக்கமாக்கக் கூடாது என்றார். தலையாட்டிவிட்டு, சரியாகத்தான் கேட்டேனா என்று வழியெல்லாம் யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்ட பாராசிட்டமால் வலியை மழுக்கியதே தவிர எடுக்கவில்லை. மதியம் என் கணவர் வில்லாபுரம் மெடிக்கலிலிருந்து ஒரு காகித உறையோடு வந்தார். உள்ளே அட்டையிலிருந்து வெட்டிய மூன்று மாத்திரைகள். பெயர் இருந்த பக்கம் கத்தரியோடு போயிருந்தது.

“என்ன மாத்திரைங்க இது?”

“தலைவலிக்கு ஒரு செட்டுன்னு கேட்டேன், குடுத்தாரு. ஊரே இதத்தான முழுங்குது.”

“ஊரா இவளுக்குப் பால் குடுக்குது?”

அவர் சிரித்தார். நான் அந்த உறையை எடுத்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். பாதி வழியில், வீண் சந்தேகத்துக்கு வெயிலில் பிள்ளையைத் தூக்கிப் போகிறேனோ என்று தோன்றியது.

“அண்ணே, இந்த மூணும் என்ன மருந்து?”

“விஷமா குடுப்பேன் தங்கச்சி?” என்றார் கடைக்காரர்.

“வெரசா வாங்கும்மா, எனக்கும் செட்டுதான்,” என்றார் பின்னால் நின்றவர்.

முகம் சூடேறியது. திரும்பிவிடலாம்போல் இருந்தது. ஆனாலும், “அட்டைய எடுத்துக் காட்டுங்கண்ணே,” என்றேன்.

மூன்று அட்டைகளை மேசையில் போட்டார். ஒன்றில் டைக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமாலும் சேர்ந்திருந்தது. மற்றவற்றைக் கேட்டேன்; ஒன்று சளிக்குக் கொடுப்பது, தூக்கம் வரும் என்றார். மூன்றாவது வயிற்று எரிச்சலுக்கு.

“பாராசிட்டமால காலையிலயே போட்டுட்டேன், இதுல மறுபடியும் இருக்கு. நான் தூங்கிட்டா இவள யாரு பாக்குறது? ஒத்த மருந்து போதும்ணே. இபுபுரூஃபன், அட்டையோட குடுங்க.”

“டாக்டருக்குப் படிச்சிருக்கியா?”

“பி.எஸ்சி. மேத்ஸ்.”

“அதான் இம்புட்டுக் கேள்வி,” என்று சிரித்தபடியே எடுத்துக் கொடுத்தார். பின்னால் நின்றவர் தன் செட்டை வாங்கியதும் உறையைப் பிரித்து உள்ளே பார்த்தார்.

வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு ஒன்று போட்டேன். கொஞ்ச நேரத்தில் தலையைச் சுற்றியிருந்த கட்டு தளர்ந்தது. இபுபுரூஃபன்தான் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். வெறும் வயிற்றில் அதைத் தொடவே முடியாது. இன்றும் முதலில் பாராசிட்டமாலைத்தான் எடுக்கிறேன். எதை, எப்போது, எதோடு சேர்க்காமல் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

சாயங்காலம் மகள் பாலுக்கு அழுதாள். நான் சாப்பிட்ட ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்துப் பயந்துகொண்டேதான் அவளை எடுப்பது வழக்கம். அன்று உடனே எடுத்துக்கொண்டேன்.